நாலில் தொடங்கி ஒன்றுகளாய் முடியும் மனிதர்

டெஸ்ட் என்று பெயர் கொண்ட மனிதர் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது மெயின் ரோட்டில் யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது, மாரித்தங்கம் அண்ணாச்சியின் கடலைமிட்டாய்ப் பட்டறையில் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது, மதுரை பஸ் ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வாசத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே வெள்ளைச் சட்டை போட்ட, வயசு சொல்ல முடியாத, எந்த ஊர்ச் சாயலும் முகத்தில் இல்லாத ஓர் ஆள் கடை முன்னால் வந்து நின்று, தான் கேட்டிருந்த ஒரு கிலோ கடலைமிட்டாய் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

"பேரு?" என்றார் அண்ணாச்சி.

"டெஸ்ட்."

"அப்பா பேரு?"

"டெஸ்ட் டெஸ்ட்."

"வீடு எங்க?"

"நம்பர் ஒண்ணு, ஒண்ணாவது தெரு, கோவில்பட்டி."

"போன் நம்பரு?"

"ஒம்பது, ஒம்பது, ஒம்பது, ஒம்பது..." என்று அவர் ஆரம்பித்து நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்க, அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு கழுத்தை வெளியே நீட்டி மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏ குத்தாலம்! உன் ஆளு ஒருத்தரு வந்திருக்காரு, என்னன்னு கேளு!"

மாடியில் இருந்த குற்றாலிங்கத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சென்னையில் அடுத்தவர்களுடைய வலைத்தளங்களுக்கு நிரல் எழுதிக் கழித்தவர், ஒருநாள் இனி உங்களுக்கு இங்கே வேலை இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொல்லப்பட்டு ஊருக்குத் திரும்பி, அண்ணாச்சியின் பட்டறை மாடியில் மூன்று கம்ப்யூட்டர்களையும் முத்துப்பேச்சி என்ற பெண்ணையும் வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு ஆபீஸ் போட்டிருந்தார். கடலைமிட்டாயைச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் விற்கவேண்டும் என்று அண்ணாச்சி ஆசைப்பட்டபோது அதற்கான வலைத்தளத்தை எழுதிக்கொடுத்தவர் அவர்தான். அதில் அவர் மிகவும் பார்த்துப் பார்த்துச் செய்தது, வாங்குகிறவர் அடிக்கிற கார்டு எண் சரிதானா என்று சோதிக்கிற பகுதி.

கார்டு எண் என்பது வாய்க்கு வந்தபடி கோர்த்த எண் இல்லை. வலது கடைசியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்கி, இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அந்த இரண்டையும் கூட்டி ஒன்றாக்கி, எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் கடைசியில் பத்தால் மிச்சமில்லாமல் வகுபடவேண்டும். வகுபட்டால் எண் ஒழுங்கானது, இல்லையென்றால் யாரோ கைதவறி அடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்தக் கணக்கால் சொல்ல முடியும். எண் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாரா, அவருக்குப் பேர் இருக்கிறதா, அவரைத் தேட யாராவது இருக்கிறார்களா என்று சொல்லாது. காலை நடையில், கரிசல் காட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் குற்றாலிங்கத்துக்கு இதுதான் ஓடும். கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிற, ஆனால் உள்ளே யாரும் இல்லாத எண்கள் உலகத்தில் எத்தனை இருக்கும், அவற்றில் தானும் ஒன்றாக இருந்தால் அதை எந்தக் கணக்கு போட்டுக் கண்டுபிடிப்பது என்று யோசித்துக்கொண்டே போய், திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு எண் உண்டு. பதினாறு இலக்கம், நாலில் தொடங்கும், மற்ற இடமெல்லாம் ஒன்றுதான். கூட்டினால் முப்பது வரும், ஒழுங்கான எண். ஆனால் எந்த மனுஷனுக்கும் சொந்தமில்லாதது, சோதனைக்காக மட்டுமே இருப்பது. அண்ணாச்சிக்கு வலைத்தளத்தைக் காட்டுவதற்காக, இந்த எண் வந்தால் பேங்க்கிடம் கேட்கவேண்டாம், பணம் வந்துவிட்டது என்றே சொல்லிவிடு என்று இரண்டு வரி எழுதிவைத்திருந்தார் குற்றாலிங்கம். முத்துப்பேச்சி படிவத்தில் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களில் மட்டும் கைக்கு வந்ததை அடித்து நிரப்பினாள். காட்டி முடித்து அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டுத்தான் திறப்பது என்று இருந்தது. ஆனால் திறப்பு விழா வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அண்ணாச்சி தேங்காயும் சூடமுமாக மாடியேறி வந்து, "மணியைப் பாருவே, மணியைப் பாரு, இப்ப அமுக்காட்டி அடுத்த முகூர்த்தம் வைகாசியிலதான்" என்று தலைமேல் நின்று நச்சரித்த நச்சரிப்பில், குற்றாலிங்கம் எல்லாவற்றையும் அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார். அந்த இரண்டு வரியும் சேர்ந்தே போய்விட்டது.

ஆகவே மாடியிலிருந்து இறங்கி வந்து அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்ததுமே குற்றாலிங்கத்துக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பின்னால் எட்டிப்பார்த்த முத்துப்பேச்சி, "சார், நான் அடிச்ச ஆளு சார் இது" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படின்னா முதல்ல மிட்டாயைக் குடுங்க. பாவம், வெயில்ல நிக்காரு" என்றார் அண்ணாச்சி.

ஊர் அவரை ஏற்றுக்கொண்டது இப்படித்தான். எப்படி வந்தார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, வந்தவரை எங்கே தங்கவைப்பது என்பதுதான் அன்றைக்குப் பேச்சாக இருந்தது. கோவில்பட்டியில் ஒண்ணாவது தெரு என்று ஒன்று கிடையாது. பட்டறைக்குப் பின்னால் பேரில்லாத ஒரு சந்து கிடந்தது, அதன் முனையில் வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிப்போட்ட வீடு ஒன்றும் இருந்தது. சந்துக்கு ஒண்ணாவது தெரு என்று பேர் வைத்தார்கள், வீட்டுக்கு நம்பர் ஒன்று என்று பெயிண்டில் எழுதினார்கள், தபால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு தடவை பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். மிட்டாய் வெட்டுகிற பெண்களில் ஒருத்தி பாய் கொடுத்தாள், ஒருத்தி தண்ணிக்குடம் கொடுத்தாள், மறுநாள் அவர் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவரைப்போல வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வணக்கம் சொன்னார்.

செண்பகவல்லி அம்மன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்யக் கூட்டிப்போனபோது குருக்கள் நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.

"பேருக்குப் பக்கத்துல செவப்பா ஒண்ணு இருந்துச்சு" என்றார் டெஸ்ட்.

"செவ்வாய் தோஷம் போலிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே குருக்கள், நட்சத்திரம் தெரியாதவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி சாமி பேருக்கே அர்ச்சனை செய்து விபூதி கொடுத்தார்.

டீக்கடையில் கேட்கவேண்டிய கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். "உங்க சொந்தக்காரவங்க எல்லாம் எந்தப் பக்கம்? நீங்க எந்த ஆளுங்க?"

"அது கட்டாயமில்லாத கட்டம். காலியா விட்டுட்டாங்க" என்றார் அவர்.

"குடுத்து வச்சவருய்யா" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர், டம்ளரைப் பார்த்தபடி.

படிவத்தில் கேட்டது மட்டும்தான் அவரிடம் இருந்தது, கேட்காதது எதுவும் இல்லை. அந்தக் காலியிடங்களை ஊர் ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்கியது. ஒருவர் அவருக்குச் சாத்தூரில் ஒரு அத்தையைக் கொடுத்தார், ஒருத்தி சின்ன வயசில் வந்த அம்மைத் தழும்பைக் கொடுத்தாள், இன்னொருத்தி கல்யாணம் தட்டிப்போன கதை ஒன்றைக் கொடுத்து அதைச் சொல்லும்போது தானே கண்ணீரும் விட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். நீர் அப்பவே கோவக்காரரு என்றாலும் சரி, உமக்குக் கத்தரிக்காய் ஆகாது என்றாலும் சரி. கேட்டதற்கெல்லாம் சரி என்றே சொல்லுகிற ஒருவரைப் பிடிக்காமல் இருக்க யாரால் முடியும்? யாருக்கு என்ன வேண்டுமோ அது அவரிடம் இருந்தது.

மிட்டாய் வேண்டுமென்றால், யாரோ கொடுத்த செல்போனைத் திறந்து அண்ணாச்சி கடை வலைத்தளத்தில் தன் எண்ணை அடிப்பார், பணம் வந்தது என்று பச்சை எழுத்து வரும், மிட்டாய் வீடு வரும். மற்றவர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தார். "என் நம்பரைப் போட்டுக்கிடுங்க, நாலு, அப்புறம் எல்லாம் ஒண்ணு" என்பார். மனப்பாடம் செய்ய எளிதான எண். காதுகுத்து வீடுகளில் தாம்பாளம் தாம்பாளமாகக் கடலைமிட்டாய் வந்து இறங்கியது. பிறகு எட்டயபுரத்தில் இறங்கியது, சாத்தூரில் இறங்கியது, பிறகு யாரோ யாருக்கோ சொல்லி, கோவில்பட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஊர்களிலெல்லாம் போய் இறங்கியது. பட்டறையில் அடுப்பு அணையவே இல்லை, பாகு கொதித்தபடியே இருந்தது, வெட்டுகிற பெண்களின் கைகள் வெட்டியபடியே இருந்தன, பச்சை எழுத்து பணம் வந்தது பணம் வந்தது என்று சொல்லியபடியே இருந்தது, எந்தப் பணமும் வரவில்லை.

குற்றாலிங்கம் தினமும் காலையில் கம்ப்யூட்டரில் வலைத்தளத்தின் கோப்பைத் திறப்பார். அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் கர்சர் கோடு கண் சிமிட்டுவதுபோல விட்டுவிட்டு எரியும். கீழே சந்தில் டெஸ்ட் யாருக்கோ வணக்கம் சொல்லும் சத்தம் கேட்கும். கோப்பை மூடிவிடுவார். எழுந்து நடப்பார், வந்து உட்காருவார், மறுபடி திறப்பார். உடம்பில் எங்கோ ஒரு கட்டெறும்பு ஊர்வதுபோலவும் அது எங்கே என்று தேடிப் பிடிக்க முடியாததுபோலவும் இருந்தது அவருக்கு.

ஒருநாள் அண்ணாச்சி மாடியேறி வந்தார். எப்போதும் படியேறும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறவர், அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வெல்லக்காரன் இனிமே லோடு அனுப்பமாட்டேங்கான். வெள்ளிக்கிழமையோட அடுப்பை அணைக்கணும் போல" என்றார். "கீழ இத்தனை பொம்பளைக இதை நம்பித்தான் இருக்குதுக. என்ன செய்ய குத்தாலம், நீயே சொல்லு."

"ரெண்டு வரிதான் அண்ணாச்சி. எடுத்துட்டா எல்லாம் நின்னுரும்."

"அப்ப எடுத்துப்போடு. இத்தனை நாளா எதுக்கு வச்சிக்கிட்டிருக்க, அடைகாக்கியா?"

"எடுத்தா அவரு என்ன ஆவாருன்னு தெரியலயே."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் இதை யோசித்திருக்கவில்லை. "இருக்கமாட்டாருங்கியா?"

"அந்த வரியில இருந்து வந்தவருதான."

"சார், அவருக்கு ஒரு நிஜக் கார்டு வாங்கிக் குடுத்துட்டா?" என்றாள் முத்துப்பேச்சி. கண் சிவந்திருந்தது. "அப்ப அந்த வரியைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம்லா."

அதையும் செய்து பார்த்தார்கள். மறுநாள் பட்டறைப் பெண்கள் எல்லோரும் சேலை மாற்றிக்கொண்டு, டெஸ்ட்டை நடுவில் விட்டு, பேங்க்குக்கு ஊர்வலமாகப் போனார்கள். மேனேஜர் வெளியூர்க்காரர், பொறுமையானவர். பேர் கேட்டார், விலாசம் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. தாயார் பேர் என்ன என்று கேட்டார். ஒருத்தி காளியம்மாள் என்றாள், ஒருத்தி இல்லை சுப்புத்தாய் என்றாள், "நீ என்னைக்குப் பெத்த? நாந்தான பாய் குடுத்தது!" என்று மூன்றாமவள் சண்டைக்கு வந்தாள். சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

"ஒரு ஆளுக்கு இத்தனை அம்மாவா?" என்றார் மேனேஜர்.

"சரி" என்றார் டெஸ்ட்.

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று மேனேஜர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். மேலே இருந்து எதுவும் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் குற்றாலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருடைய மனைவி ஆவுடையம்மாள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு நேரம்தான் பிசைவிய? குழந்தைக்கு ஊட்டுத மாதிரி."

"நாளைக்கு அதை எடுக்கணும்."

"எடுங்க."

"ஒரு மனுஷன் போயிருவான், ஆவுடை. இத்தனை வருஷம் நான் எழுதுனதுல ஒண்ணுகூட என்னைத் திரும்பிப் பாத்ததில்ல. ஒண்ணே ஒண்ணு எந்திரிச்சு வந்து வணக்கம்னு சொல்லிச்சு. அதைப் போய் எப்படி..."

"அப்ப உங்களுக்கு வணக்கம் சொல்லதுக்கு ஆள் வேணும்னு அந்தப் பொம்பளைக பட்டினி கிடக்கணுமா?"

அவள் சொன்னதுதான் உண்மையோ என்று அவருக்குத் தோன்றியது, அது உண்மையாக இருந்தால் தான் எப்படிப்பட்ட ஆள் என்றும் தோன்றியது. அவள் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"அவருகிட்ட சொன்னியளா?"

சொல்லவில்லை. கை கழுவிவிட்டு நேராக ஒண்ணாவது தெருவுக்குப் போனார். டெஸ்ட் யாரோ கொடுத்த ஸ்டூலில் யாரோ கொடுத்த காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குற்றாலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த எண் யாருக்கும் சொந்தமில்லாதது, இரண்டு வரி தப்பாக இருந்துவிட்டது, அதை எடுக்காவிட்டால் பட்டறை போய்விடும், எடுத்தால் நீங்கள் இல்லாமலே போய்விடலாம்.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"சரி" என்றார் டெஸ்ட் சிரித்தபடி.

மிட்டாய் வேணுமா என்று கேட்டபோதும் இதே சிரிப்பு, இதே சரிதான். சரி என்பதைத் தவிர வேறு தெரியாதவரிடம் சம்மதம் வாங்கி வந்திருக்கிறோம் என்பது சந்து முனை திரும்பியதும் குற்றாலிங்கத்துக்கு உறைத்தது. திரும்பிப் போய் இன்னொரு தடவை கேட்கலாமா என்று நின்றார். கேட்டால் இன்னொரு சரிதான் கிடைக்கும். அப்படியே நின்றுகொண்டிருந்தார், பின்னால் வந்த தண்ணி வண்டிக்காரன் திட்டும்வரைக்கும்.

வெள்ளிக்கிழமை பட்டறைச் சாப்பாட்டு நேரத்தில் கடை முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண்கள் டெஸ்ட்டுக்குத் தலை சீவிவிட்டு, விபூதி பூசிவிட்டு, அவருடைய இடது கையை மட்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாடியில் முத்துப்பேச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குற்றாலிங்கம் இரண்டு வரியையும் அழித்தார், இணையத்தில் ஏற்றினார், எழுந்து படியிறங்கிக் கீழே வந்தார். ஜன்னலில் இருந்து பார்த்துக்கொள்ளலாம்தான், ஆனால் அப்படிப் பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

டெஸ்ட் செல்போனில் தன் எண்ணை அடித்தார். நாலு, பிறகு ஒன்றுகள். ஒன்றுவிட்டு ஒன்று இரட்டித்தது, எல்லாம் கூடி முப்பது வந்தது, எண் ஒழுங்கானது என்று கணக்கு சொல்லியது. அதன்பிறகு முதல்முறையாக அது பேங்க்கைக் கேட்கப் போனது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மதுரை பஸ்கூட ஹாரன் அடிக்கவில்லை. பிறகு சிவப்பு எழுத்தில் வந்தது: மறுக்கப்பட்டது.

பெண்கள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். திறந்து பார்த்தபோது கை அப்படியே இருந்தது. கைக்கு மேலே தோளும், தோளுக்கு மேலே தலையும் இருந்தன. சிரிப்பு மட்டும் இல்லை.

அவர் மறுபடி அடித்தார், மறுபடி சிவப்பு. அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. இத்தனை நாளில் யாரும் அந்த முகத்தில் சுருக்கத்தைப் பார்த்ததில்லை.

"ஏன்?" என்றார்.

அண்ணாச்சி முன்னால் வந்தார். "அது வந்து, சிஸ்டம்ல ஒரு இது..."

"ஏன்வே குடுக்கல?" என்று கத்தினார் டெஸ்ட். கையை உதறினார், பெண்கள் தள்ளாடினார்கள், செல்போன் தரையில் விழுந்து சிதறியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து குற்றாலிங்கத்தின் முகத்துக்கு நேராக நின்றார். "யாருவே நீரு? யாரைக் கேட்டு எடுத்தீரு?"

"உங்களைத்தான் கேட்டேன். சரின்னு சொன்னீங்க."

"அப்ப எனக்கு வேற வார்த்தை தெரியாதுவே!"

டெஸ்ட் சந்துக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தும் சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது.

அதன்பிறகு அவர் வெளியே வரவில்லை. பெண்கள் கதவைத் தட்டினால் "போங்க, ஒரு அம்மாவும் வேண்டாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சாத்தூர் அத்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார், தட்டிப்போன கல்யாணத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெல்ல லோடு வந்தது, அடுப்பு எரிந்தது, பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் மிட்டாய் போனது. ஊர் குரலைத் தாழ்த்திப் பேசியது. உயிரோடு இருக்கிறார் என்று அண்ணாச்சி நிம்மதிப்பட்டார். குற்றாலிங்கத்துக்கு அந்த நிம்மதியும் வரவில்லை. போய்விடுவார் என்று பயந்தபோது அது ஒரு நாளோடு முடிகிற பயமாக இருந்தது. இது முடியாது. தினமும் விடியும், தினமும் அந்த ஆள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பார்.

ஒருநாள் மத்தியானம் குற்றாலிங்கத்தின் வீட்டு வாசலில் நிழலாடியது. டெஸ்ட் நின்றிருந்தார். தாடி முளைத்திருந்தது, வெள்ளைச் சட்டை அழுக்கேறியிருந்தது, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க என்னமோ பண்ணுது" என்றார் குற்றாலிங்கத்தைப் பார்த்து, குற்றம் சாட்டுகிற குரலில். "கடிக்கிற மாதிரி இருக்கு. நீரு அன்னைக்கு எடுத்ததுல இருந்துதான்."

ஆவுடையம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதுக்குப் பேரு பசி" என்றாள். "கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க."

அவர் சாப்பிட்டதைப் புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரசத்தில் இருந்த மிளகு தொண்டையில் ஏறி இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி சாப்பிட்டார். கத்தரிக்காயைத் தயங்கி எடுத்து வாயில் வைத்து, இன்னும் போடச் சொன்னார். மறுசோறு வாங்கினார். பிறகு தட்டின் மேல் கையைக் குறுக்கே நீட்டிப் போதும் என்றார்.

"நாளைக்கும் பசிக்குமா?"

"பசிக்கும்" என்றாள் ஆவுடையம்மாள்.

"அதுக்கு மறுநாளு?"

"மறுநாளும்தான். எல்லாருக்கும் அப்படித்தான்."

அவர் ஏதோ கணக்குப் போடுகிறவரைப்போல விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றாலிங்கம் எழுந்து செருப்பைத் தேடினார். "வாங்க, அண்ணாச்சியைப் பாப்போம். பாகு கிண்ட ஆள் வேணும்னாரு. நான் சொல்லி விடுதேன்."

"மாட்டேன்" என்றார் டெஸ்ட்.

சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினார், அந்தச் சொல் வாயில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுபோல. பிறகு இன்னொரு தடவை, சத்தமாகவே, "மாட்டேன்" என்றார். "உம்ம கூட வரமாட்டேன். நீரு ஒண்ணும் சொல்லவும் வேண்டாம். நானே போய்க் கேப்பேன். குடுத்தா குடுக்கட்டும், இல்லைன்னா வேற இடத்துல கேப்பேன்."

வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாருக்கும் வணக்கம் சொல்லாமல் பட்டறைப் பக்கமாக நடந்து போனார்.

"எச்சித்தட்டை எடுக்காமப் போறாரு, பாத்தியளா?" என்றாள் ஆவுடையம்மாள்.

குற்றாலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குனிந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்.